மசாலா போடாத மந்திரம்

ஈரோட்டையும் பள்ளிபாளையத்தையும் பிரித்து வைப்பது காவிரி. சேர்த்து வைப்பது பாலம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்த்தால் அந்தப் பாலம் சேர்த்தும் வைக்காது, பிரித்தும் வைக்காது. அப்படியே நிற்க வைக்கும்! முன்னால் துணி பேல் ஏற்றிய லாரி, பின்னால் கரும்பு டிராக்டர், பக்கத்தில் ஒரே டூவீலரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், போதாக்குறைக்கு அம்மா மடியில் ஒரு கேஸ் அடுப்பு. கீழே காவிரி மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். (இந்த டிராஃபிக் ஜாமைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எலெக்ட்ரான் வரும்போது தேவைப்படும்.)

அந்தக் கரையில் கருங்கல்பாளையம். மாட்டுச்சந்தைக்குப் பேர் போனது. இந்தக் கரையில் இறங்கினால் நாமக்கல் மாவட்டம். 1997-ல் நாமக்கல்லைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும்வரை இது சேலத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டம் எதுவானால் என்ன, ஊர்க்காரர்களுக்குப் பல் பிடுங்குவதிலிருந்து சினிமா பார்ப்பதுவரை எல்லாமே ஈரோடுதான். ராத்திரி பகலாகத் துணி நெய்கிற ஊர், தீபாவளிக்குத் துணி எடுக்கப் பாலம் தாண்டிப் போகிறது!

பள்ளிபாளையத்துக்கு மூன்று அடையாளங்கள். முதலாவது சத்தம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் 'தடக்... தடக்... தடக்...' என்று விசைத்தறி. புதிதாகப் போகிறவனுக்குத் தலை வலிக்கும். ஊர்க்காரர்களுக்குச் சத்தம் நின்றால்தான் தலை வலிக்கும். கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டாவது, காகிதம். 1960-ல் தொடங்கிய சேஷசாயி பேப்பர் கம்பெனியின் ஆலை இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் பொன்னி சர்க்கரை ஆலை. கரும்பின் சாறு சர்க்கரையாகப் போக, சக்கை காகிதமாகப் போகும். வீணாகப் போவது எதுவும் இல்லை என்பது இந்த ஊர்க் கணக்கு.

மூன்றாவதைச் சொல்லும்போதே நாக்கில் நீர் ஊறுகிறது. பள்ளிபாளையம் சிக்கன்! சென்னையில், பெங்களூருவில் எல்லாம் மெனு கார்டில் இந்தப் பேர் இருக்கும். ஆனால் அதில் பாதி பேர் மல்லித்தூளையும் கரம் மசாலாவையும் கொட்டி ஊர் மானத்தை வாங்குகிறார்கள். அசல் பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாப் பொடியே கிடையாது. நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், விதை உதிர்த்த காய்ந்த மிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, எண்ணெய். அவ்வளவுதான். இருக்கிற நாலு சாமானை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் ருசி.

இதைச் சாப்பிடத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனின் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். எட்டுத் தறி வைத்திருக்கிறார். சிக்கனுக்கு நடுவே சூப்பர் கண்டக்டர் வரும் என்று யார் கண்டது?

"ஏனுங்க தம்பி, நீங்க பத்திரிகைல எழுதறவரு. இந்தக் கண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிட்டுப் போங்க. பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் கடைசி வருசம். பி.எட். படிச்சு டீச்சராப் போடான்னா, என்னமோ கரியில கரண்ட் ஓடறதப் பத்தி ஆராய்ச்சி பண்ணோணுங்கறா."

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த கரண்ட், 'கரண்ட் அக்கவுண்ட்' ஒன்றுதான். ஆனாலும் சாப்பிட்ட வீட்டில் 'தெரியாது' என்று சொல்ல மனசு வருமா? "கரி இல்லைங்க அண்ணா, கிராஃபீன்" என்று அந்தப் பெண்ணே காப்பாற்றினாள். அன்றைக்கு அவள் சொன்னதையும், ஊர் திரும்பி நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

* * *

முதலில் சூப்பர் கண்டக்டர். சில்லறை பாக்கியைக் கேட்காமலே திருப்பித் தருகிற பஸ் கண்டக்டர் இல்லை; அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

தறி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். கம்பிக்குள் ஓடுகிற எலெக்ட்ரான்கள் இடித்துக்கொண்டே போவதால் வருகிற சூடு அதில் ஒரு பங்கு. துணி நெய்யாத அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பில் வருகிறது. ஓடப்பள்ளியில் காவிரிக்குக் குறுக்கே கதவணை கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். தறியிலிருந்து கூப்பிடு தூரம். அவ்வளவு பக்கத்தில் பிறந்த மின்சாரமும் கம்பியில் வரும்போது கொஞ்சம் சூடாகித்தான் வரும். எந்தக் கம்பியும் இதற்கு விலக்கில்லை.

சூப்பர் கண்டக்டர் மட்டும் விலக்கு. அதில் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொண்டு இடிக்காமல் போகின்றன. தடை, குறைவு இல்லை, பூஜ்யம்! 1911-ல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆனஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிவரை குளிர வைத்தபோது முதன்முதலாக இதைப் பார்த்தார். ஏன் இப்படி என்று பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கம் சொல்ல 1957 ஆயிற்று.

'இதெல்லாம் லேபரேட்டரி சமாச்சாரம்' என்று நினைக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சென்டர் போர்டில் '1.5 டெஸ்லா' என்று போட்டிருந்தால், அந்த மெஷினுக்குள் திரவ ஹீலியத்தில் முக்கி வைத்த சூப்பர் கண்டக்டர் சுருள் இருக்கிறது. முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே சூப்பர் கண்டக்டருக்குள் படுத்து எழுந்தவர்கள்தான்.

சிக்கல் ஒன்றே ஒன்று. குளிர். அந்தக் குளிருக்கு ஆகிற செலவில் தறிக்காரர் தறியை விற்க வேண்டியதுதான்.

* * *

இனி கிராஃபீன். பென்சிலை எடுத்துக் காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள் (உள்ளூர்க் காகிதமாக இருந்தால் விசேஷம்). கறுப்பாக ஒட்டியிருப்பது கிராஃபைட், அதாவது கார்பன் தாள்களின் அடுக்கு. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் தாள்! அதில் ஒரே ஒரு தாளைத் தனியாக உரித்தால் அதுதான் கிராஃபீன். ஒரு அணு கனம். அதற்கு மேல் மெலிய வழியில்லை. 2004-ல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம், கான்ஸ்தந்தீன் நோவோசெலோவ் இருவரும் இதை உரித்தெடுக்க உதவிய கருவி என்ன தெரியுமா? பரிசுப் பொட்டலம் ஒட்டுகிற செலோ டேப்! 2010-ல் நோபல் பரிசு. இனிமேல் ஆபீஸில் செலோ டேப்பை வீணாக்கும்போது மேனேஜர் கேட்டால் பதில் சொல்லலாம்.

கிராஃபீனில் மின்சாரம் பிரமாதமாக ஓடும். எலெக்ட்ரான் வேகம் விநாடிக்கு 10 லட்சம் மீட்டர். ஆனாலும் அது தானாக சூப்பர் கண்டக்டர் ஆகாது. ஆக வைக்க வேண்டும். அதற்கு விஞ்ஞானிகள் பார்த்த வழிகள் மூன்று. இந்த ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்லலாம்.

முதல் வழி, சாயம் போடுவது. வேறு தனிமத்தை கார்பன் தாள்களுக்கு நடுவே ஏற்றுவது. 1965-லேயே கிராஃபைட்டில் பொட்டாசியத்தைப் புகுத்தி சூப்பர் கண்டக்டர் ஆக்கிவிட்டார்கள். ஆனால் கடும் குளிரில், ஒரு கெல்வினுக்கும் கீழே. (கெல்வின் கணக்கில் பூஜ்யம் என்றால் மைனஸ் 273 டிகிரி. அதற்குக் கீழே குளிரே கிடையாது.) 2005-ல் பொட்டாசியத்துக்குப் பதில் கால்சியம் போட்டார்கள்; 11.5 கெல்வின்வரை வந்தது. 2015-ல் ஒற்றை கிராஃபீன் தாள்மேல் லித்தியம் தூவி, சுமார் 6 கெல்வினில் அறிகுறி பார்த்தார்கள்.

இரண்டாவது வழி, கைமாற்று. தானே சூப்பர் கண்டக்டராக இருக்கிற உலோகத்தைப் பக்கத்தில் வைத்தால், அதன் ஜோடி எலெக்ட்ரான்கள் கொஞ்ச தூரம் கிராஃபீனுக்குள்ளும் வந்து போகும். 2007-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் கைமாற்று கைமாற்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனால் நம் வீட்டிலும் பூஜ்யம்.

மூன்றாவது வழிதான் விசேஷம். அதைச் சொல்ல வந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய், தறிக் கொட்டகையிலிருந்து மெல்லிசான துணித் துண்டுகள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். மேல் துணியை லேசாகத் திருப்பினாள்.

அட! துணியில் இல்லாத அலைகள் துணிமேல் ஓடின. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அலை நெருங்கியது. கோணத்தைக் குறைத்தால் அகலமாக விரிந்தது.

"இது நாங்க தெனமும் பாக்கறதுதானுங்களே" என்றார் பெரியப்பா.

தினமும் பார்ப்பதுதான். பட்டுத்துணியில் இப்படி நீரலை மாதிரி விழுகிற வடிவத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பேர் 'முவாரே'. நெசவுக்காரர்களின் அந்த வார்த்தையைத்தான் இன்று பௌதிக விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பில் போட்டுக்கொள்கிறார்கள். கார்பன் தாளும் வலைப் பின்னல்தானே? ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் திருப்பினால் அதிலும் அலை விழும்.

2011-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டொனால்ட், ரஃபி பிஸ்ட்ரிட்சர் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 1.1 டிகிரி திருப்பினால், எலெக்ட்ரான் ஓடுகிற ஓட்டமும் இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கிற இழுப்பும் சரிக்குச் சரியாகி, எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட நின்றேவிடும் என்று வந்தது. அதற்கு 'மந்திரக் கோணம்' என்று பேர். விஞ்ஞானிகள் இப்படிப் பேர் வைப்பது அபூர்வம்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பாப்லோ ஹரியோ-ஹெரேரோவும், அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த யுவான் சாவும் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே கிராஃபீன் தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சரியாக 1.1 டிகிரி திருப்பி, மறு பாதியின்மேல் வைத்தார்கள். ஆள் கண்ணுக்குத் தெரியாத சைஸ். தலைமுடியின் கனத்தைவிடச் சின்னது. அலைக்கு அலை தூரம் சுமார் 13 நானோமீட்டர். அந்த ஒரு அலைக்கட்டத்துக்குள் பத்தாயிரத்துக்கு மேல் கார்பன் அணுக்கள்.

இப்போது அந்தப் பாலத்து டிராஃபிக் ஜாமை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பைபாஸில் எண்பதில் போகும்போது பக்கத்து வண்டிக்காரர் முகம் தெரியுமா? பாலத்தில் நின்றால்தான் "எங்க, கல்யாணத்துக்குங்களா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். எலெக்ட்ரானும் அப்படித்தான். வேகமாக ஓடும்போது ஒன்றையொன்று சட்டை செய்வதில்லை. மந்திரக் கோணத்தில் மெதுவாகி நிற்கும்போது ஒன்றை ஒன்று கவனிக்கிறது. எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால் எல்லாம் முட்டிக்கொண்டு நின்று, மின்சாரமே ஓடாது. அதைக் கொஞ்சம் மாற்றினால் ஜோடி சேர்ந்து, தடையே இல்லாமல் ஓடுகிறது. எண்ணிக்கையை மாற்றவும் எந்த ரசாயனமும் சேர்க்க வேண்டாம். வெளியே ஒரு வோல்டேஜ் குமிழைத் திருகினால் போதும்!

பொட்டாசியம் இல்லை, கால்சியம் இல்லை, பக்கத்து வீட்டுக் கைமாற்றும் இல்லை. கார்பன்மேல் கார்பன். வைத்த கோணம் மட்டும்தான் வித்தியாசம். தட்டில் இருந்த சிக்கனை இன்னொரு தடவை மரியாதையாகப் பார்த்தேன். மசாலா போடாமலே ருசி வர வைக்கிற வித்தை இந்த ஊருக்குப் புதுசா என்ன!

2020-ல் மெக்டொனால்ட், பிஸ்ட்ரிட்சர், ஹரியோ-ஹெரேரோ மூவருக்கும் உல்ஃப் பரிசு கிடைத்தது. முதலில் பேப்பரில் கணக்கு, ஏழு வருஷம் கழித்துக் கையில் நிரூபணம். கணக்கு முந்திக்கொள்வது இந்த வட்டாரத்துக்கும் தெரிந்ததுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில்தான் 1887-ல் ராமானுஜன் பிறந்தார்.

* * *

"எல்லாஞ் சரிங்க. இதுல நம்மாளுக யாராச்சும் இருக்கறாங்களா?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்வி.

இருக்கிறார்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜி. பாஸ்கரன். 1986-ல் ஜூரிச்சில் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் புது வகை செராமிக் சூப்பர் கண்டக்டரைக் கண்டுபிடித்தார்கள். 1957 விளக்கம் அதற்குப் பொருந்தவில்லை. உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சனுடன் பிரின்ஸ்டனில் உட்கார்ந்து 1987-ல் வேறொரு விளக்கத்தை உருவாக்கியவர்களில் பாஸ்கரன் ஒருவர். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதே ஜோடி சேர வழி செய்யும் என்பது அதன் சாரம். நம் வீடுகளில் நடக்காததா!

அதே யோசனையை அவர் கார்பன் தாளுக்கும் கொண்டுபோனார். 2002-லேயே, கையில் கிராஃபீன் வருவதற்கு முன்பே, கிராஃபைட் தாளில் இப்படிப்பட்ட ஜோடி சேரும் குணம் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். 2010-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் விஜய் ஷெனாய், சந்தீப் பாடக் ஆகியோருடன் சேர்ந்து, எலெக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றினால் கிராஃபீன் உயர்ந்த வெப்பநிலையிலேயே சூப்பர் கண்டக்டர் ஆகலாம் என்று கணக்குப் போட்டார். அந்த உயர்ந்த வெப்பநிலை இன்னும் வரவில்லை. எம்.ஐ.டி.யில் நடந்தது வேறு வழி. ஆனால் 'சாதாரணக் கார்பன் தாளில் சரக்கு இருக்கிறது' என்று தரமணியிலிருந்து முன்கூட்டியே சொன்னவர் அவர்.

இன்னொன்றும் உண்டு. 2016 டிசம்பரில் மும்பை டாடா நிறுவனத்தில் எஸ். ராமகிருஷ்ணனின் குழு, பிஸ்மத் என்ற உலோகம் சூப்பர் கண்டக்டர் ஆவதைக் காட்டியது. ஒரு கெல்வினில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குளிரில்! அந்தக் குழுவில் ஒருவர் பேர் தமிழவேள். முறுக்கிய கிராஃபீன் ஆராய்ச்சியும் மும்பையிலும் பெங்களூருவிலும் நடக்கத்தான் செய்கிறது.

பெரியப்பா விரலை நக்கிக்கொண்டே யோசித்தார். "அப்ப என் கரண்ட் பில்லு?"

இங்கேதான் பொய் சொல்லக் கூடாது. மந்திரக் கோண கிராஃபீன் சூப்பர் கண்டக்டர் ஆனது 1.7 கெல்வினில். அதாவது மைனஸ் 271 டிகிரிக்கும் கீழே. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற வெட்டவெளியே 2.7 கெல்வின்தான், ஆகாசத்தைவிடக் குளிர்ச்சி! 2021-ல் மூன்று தாள்களை அடுக்கியும் சுமார் 3 கெல்வின்வரைதான் வந்தது. இதில் கம்பி இழுத்துப் பள்ளிபாளையத்துக்கு மின்சாரம் கொண்டுவருவது நடக்கிற காரியம் இல்லை. 2023-ல் கொரியாவிலிருந்து 'சாதாரண அறையிலேயே சூப்பர் கண்டக்டர்' என்று எல்.கே.-99 என்ற கல் ஒன்று கிளம்பி, சில வாரத்திலேயே புஸ்ஸென்று போனது ஞாபகம் இருக்கலாம். அப்படி ஆசை காட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. தறிக்காரருக்கு இன்றைய தேதியில் உபயோகமானது, 2023-ல் 750-லிருந்து உயர்த்திய 1000 இலவச யூனிட்தான்.

அப்புறம் எதற்கு இத்தனை பாடு? அந்தப் பெண் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. செராமிக் சூப்பர் கண்டக்டரில் எலெக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சுட்டு எடுக்க வேண்டும். கிராஃபீனில் குமிழைத் திருகினால் போதும்; ஒரே துண்டில் நூறு சாம்பிள் பார்த்த மாதிரி. பெரிய மர்மத்தை அவிழ்க்கக் கிடைத்த சின்ன சாவி அது. "மர்மம் அவிழ்ந்தா, குளிரே வேண்டாத சூப்பர் கண்டக்டரை எப்படிச் செய்யணும்னு தெரியலாம். தெரியாமயும் போலாம்ணா" என்றாள். அந்த 'தெரியாமயும் போலாம்' என்பதைச் சொன்ன நேர்மைக்காகவே அவளை ஆராய்ச்சிக்கு அனுப்பலாம் என்று தோன்றியது.

ஆனால் சுலபமாகச் சொல்லிவிட்டு வர முடியாது. இது காசு கனக்கிற ஊர். கடனை அடைக்க வழியில்லாமல் தறித் தொழிலாளிகள் கிட்னி விற்ற செய்தி 2025-லும் பேப்பரில் வந்தது. எட்டுத் தறி வைத்திருப்பவர் பணக்காரர் இல்லை; அவரும் மாதா மாதம் நூல் விலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்தான். அவரிடம் 'விஞ்ஞானம் வளர வேண்டும்' என்று பிரசங்கம் செய்வது அநாகரிகம். ஆகவே பி.காம். மூளையைத் தட்டி எழுப்பி, வரவு செலவுக் கணக்காகச் சொன்னேன்.

"அண்ணா, பி.எஸ்ஸி. முடிச்சவங்களுக்கு 'ஜாம்'னு ஒரு பரீட்சை. பாஸ் பண்ணினா ஐ.ஐ.டி.ல எம்.எஸ்ஸி. பெங்களூருல எம்.எஸ்ஸி.யும் பிஹெச்.டி.யும் சேர்ந்தாப்ல படிக்கவும் அதான் வழி. எம்.எஸ்ஸி. முடிச்சப்புறம் போறதுக்கு 'ஜெஸ்ட்'னு இன்னொண்ணு. ஆராய்ச்சில சேந்துட்டா நாம கட்ட வேண்டியதில்லைங்க; அவங்கதான் தருவாங்க. 2023-லருந்து ஜூனியர் ஃபெலோஷிப் மாசம் 37,000."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிக்கறதுக்கா?"

"ஆமாங்க."

மகள் பக்கம் திரும்பினார். "ஏங் கண்ணு, அந்தக் கார்பன்ல எலெக்ட்ரான் ஏன் சோடி சேருதுன்னு கண்டுபுடிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்கப்பா. ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"அட, பதில் தெரியாததுக்கா மாசம் முப்பத்தேழாயிரம் தர்றாங்க?"

"பதில் தெரிஞ்சா எதுக்குங்கப்பா தரப்போறாங்க?"

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சிக்கனை வைத்துவிட்டு, பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"பரீட்சைக்கு ஃபீஸு எவ்வளவு?"